வளர்ப்புப் பிராணியை வைத்திருப்பதா, கொடுத்துவிடுவதா?

வீட்டில் ஒருவருக்கு வருத்தம் வந்தால் முதலில் பழி விழுவது வளவில் திரியும் பூனையிலும் நாயிலும்தான். மகள் பிள்ளைத்தாய்ச்சி என்று தெரிந்த கையோடு பூனையைச் சாக்கில் கட்டிக் கொண்டுபோய்ச் சந்தையடியில் விட்டுவிடுகிறார்கள். பேரனுக்கு இழுப்பு என்றால் நாய் கோயில் வீதிக்குப் போய்விடுகிறது. இன்னொரு பக்கம், கட்டாயம் அகற்ற வேண்டிய பிராணியைப் பாசத்தால் வைத்துக்கொண்டு தம் நுரையீரலைக் கெடுத்துக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். நோய் எந்த வழியால் வருகிறது என்று விசாரிக்காமல் முடிவெடுப்பதால்தான் இரண்டும் நடக்கின்றன. அந்த வழி தெரிந்துவிட்டால் பெரும்பாலான வீடுகளில் பிராணியை அனுப்பத் தேவையே இராது. சில வீடுகளில் அனுப்பித்தான் ஆகவேண்டும்.

கர்ப்பிணிகளில் இருந்து தொடங்குவோம். இங்கே அஞ்சப்படுவது டொக்ஸோபிளாஸ்மா (கண்ணுக்குத் தெரியாத ஒருகல ஒட்டுண்ணி). கர்ப்ப காலத்தில் ஒரு பெண்ணுக்கு இது முதன்முறையாகத் தொற்றினால், கருவில் உள்ள குழந்தையின் கண்ணையும் மூளையையும் பாதிக்கலாம். ஆகவே அச்சத்துக்குக் காரணம் உண்டு. ஆனால் ஒட்டுண்ணி வருவது பூனையின் மலத்தின் வழியே. பூனை அதைப் பெரும்பாலும் வாழ்நாளில் ஒரு தடவை, தனக்கு முதல் தொற்று ஏற்படும் வேளையில், இரண்டு மூன்று வாரங்களுக்கு மட்டும் வெளியேற்றும். அப்படி வெளியேறியதும் உடனே தொற்றாது; 1 முதல் 5 நாள்கள் வெளியில் கிடந்து முதிர வேண்டும். பூனையைத் தடவுவதாலோ அது மடியில் படுப்பதாலோ தொற்று ஏற்படுவது அரிது. மண் பட்ட கையும், கழுவாத கீரையும், சரியாக வேகாத இறைச்சியும்தான் பெரிய வழிகள்.

நம் ஊரில் பூனைக்கென்று மணல் தட்டு வைப்பவர்கள் குறைவு. கீரைப் பாத்தியிலும், வெங்காயத்துக்குக் கொத்திய மண்ணிலும், வீடு கட்டக் குவித்த மணலிலும் அது கிண்டி இருந்துவிட்டு மூடிவிட்டுப் போகும். உங்கள் பூனையை அனுப்பினாலும் அயல்வீட்டுப் பூனை அதே பாத்திக்கு வரும். எனவே கர்ப்பிணி மண் கிண்டுவதையும் பூனை மலம் அள்ளுவதையும் தவிர்க்கட்டும். வேறொருவர் அதை நாள்தோறும் அள்ளிப் புதைக்கட்டும். மணல் கும்பியைத் தறப்பாளால் மூடுங்கள். வல்லாரையைச் சம்பலுக்குப் பச்சையாக அரைப்பதால், ஒவ்வோர் இலையாக ஓடும் நீரில் கழுவுங்கள். பூனைக்கு அவித்த மீனைக் கொடுங்கள். இந்தக் காலத்தில் புதிதாகக் குட்டி எடுக்க வேண்டாம். கவலை தீரவில்லையென்றால் கிளினிக்கில் வைத்தியரிடம் சொல்லுங்கள். முன்பே தொற்றி எதிர்ப்பு உண்டாகியிருக்கிறதா என்று இரத்தப் பரிசோதனையில் பார்க்கலாம். இவ்வளவையும் செய்கிற வீட்டில் பூனை இருக்கலாம் என்பதே என் முடிவு.

தொய்வு உள்ள பிள்ளையின் கதை இவ்வளவு இலகுவல்ல. பூனை மயிர் சாப்பாட்டில் விழுந்தால் இழுப்பு வரும் என்பது பிழையான எண்ணம். பூனையின் உமிழ்நீரிலும் தோல் சுரப்பிலும் உள்ள ஒரு புரதமே ஒவ்வாமையை (உடல் ஒரு பொருளை ஏற்காமல் எதிர்க்கும் நிலை) உண்டாக்குகிறது. பூனை தன்னை நக்கும்போது அது மயிரில் படிந்து, காய்ந்து, நுண்தூளாகக் காற்றில் மிதக்கும். மெத்தையிலும் திரையிலும் ஒட்டிக்கொள்ளும். பூனை போன பிறகும் நாலைந்து மாதம் வீட்டில் கிடக்கும். இதனால்தான் "பூனையை விட்டு ஒரு மாதம், இன்னும் இழுக்குது" என்று பலர் குழம்புகிறார்கள்.

ஆனால் எல்லா இழுப்புக்கும் பூனை காரணமல்ல. நுளம்புச் சுருள், சாம்பிராணி, குசினியின் விறகுப் புகை, பஞ்சு மெத்தையில் வாழும் தூசிப் பூச்சி, சோளகம் அடிக்கும் மாதங்களின் புழுதி என்று ஒவ்வொன்றும் தனியாகவே பிள்ளையை முட்டவைக்கும். முதலில் இவற்றை நிறுத்துங்கள். கூடவே பூனை படுக்கையறைக்குள் வராமல் கதவைச் சாத்துங்கள். மெத்தை உறைகளைக் கிழமைக்கு ஒருமுறை சுடுநீரில் துவையுங்கள். வைத்தியர் தந்த இன்ஹேலரை நீங்களாக நிறுத்த வேண்டாம். பூனையைத் தொட்ட சற்று நேரத்தில் கண் கடித்து, தும்மி, நெஞ்சு இறுகுகிறதா என்று கவனித்துக் குறித்துவையுங்கள். அந்த அறிகுறிகள் இருந்து, ஒவ்வாமைப் பரிசோதனையும் பூனையைக் காட்டி, மருந்தை ஒழுங்காக எடுத்தும் பிள்ளை இரவில் எழுந்து குந்தியிருக்கிறது என்றால், பூனைக்கு வேறு வீடு பாருங்கள். பிள்ளை அழும். அழட்டும், மூச்சு அதைவிட முக்கியம்.

புறா வளர்ப்பவர்களுக்கு ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். புறாவின் எச்சத்திலும் இறகுத் தூளிலும் உள்ள புரதங்கள் சிலருக்கு நுரையீரல் அழற்சியை உண்டாக்கும். கூடு துப்புரவாக்கிய 4 முதல் 8 மணி நேரத்தில் காய்ச்சல், குளிர், வறட்டு இருமல், மூச்சிளைப்பு. வெளியூர் போன நாள்களில் சுகம். திரும்பி வந்து கூட்டைத் தொட்டதும் மறுபடி அதே. இதைச் சளிக் காய்ச்சல் என்று நினைத்து ஆடாதோடைக் கசாயம் குடித்துக் காலத்தைப் போக்குகிறார்கள். காய்ச்சலே இல்லாமல் படி ஏற இளைப்பதும் உடம்பு மெலிவதுமாக மெல்ல மெல்ல வருவதும் உண்டு. நாள்பட்டால் நுரையீரலில் தழும்பு விழும். விழுந்த தழும்பு மாறாது. நெஞ்சு நோய் நிபுணர் இந்நோயை உறுதிசெய்தால் முகக்கவசம் கட்டிக்கொண்டு வளர்க்கலாமா என்று பேரம் பேச வேண்டாம். புறாக்களைக் கொடுத்து, கூட்டையும் கழற்றுங்கள். அதைக் கழற்றுவது நோயாளி அல்லாத ஒருவராக இருக்கட்டும்.

நாய் கடித்துவிட்டால் காலம் முக்கியம். 1973 இல் இலங்கையில் விசர்நாய்க்கடி நோயால் 377 பேர் இறந்தார்கள். நாய்களுக்குத் தடுப்பூசி போட்டதாலும், கடிபட்டவர்களுக்கு நேரத்தோடு மருந்து கிடைத்ததாலும் அந்த எண்ணிக்கை பெருமளவு குறைந்தது. காயத்தைச் சவர்க்காரம் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள். சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், கோப்பித்தூள் எதுவும் வைக்க வேண்டாம். பார்வை பார்ப்பதும் நூல் கட்டுவதும் இந்த வைரசைத் தடுக்காது. குட்டிதானே, பூனைதானே என்றும் விடக் கூடாது. இரண்டுக்கும் விசர் பிடிக்கும்.

கடித்த நாயை ஆத்திரத்தில் அடித்துக் கொல்லாதீர்கள், துரத்தியும் விடாதீர்கள். கட்டிவைத்து 14 நாள் அவதானிக்க வேண்டும். அது நலமாக இருந்தால் வைத்தியர் ஊசியைக் குறைக்கலாம். நாய் ஓடிப்போனால் கடிபட்டவருக்கு முழு ஊசியும் போட வேண்டிவரும். இடையில் இறந்தால் புதைக்காமல் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவியுங்கள்; தலையைப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். 14 நாள் கழிந்த பிறகுதான் வைத்திருப்பதா என்ற கேள்வி. உணவுத் தட்டை இழுத்தபோதோ குட்டியைத் தூக்கியபோதோ கடித்தது என்றால், அதன் பழக்கத்தையும் உங்கள் பழக்கத்தையும் திருத்தலாம். காரணமின்றி இரண்டாம் தடவையும் பாய்ந்த நாய், தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் இருக்கக் கூடாது.

2024 டிசம்பரில், வெள்ளத்துக்குப் பிறகு, யாழ்ப்பாணத்தில் காய்ச்சலால் அடுத்தடுத்து உயிர்கள் போனபோது, அது எலிக்காய்ச்சல் என்று கண்டறியப்பட்டது. நாயின் சிறுநீரிலும் அந்தக் கிருமி வெளியேறலாம் என்பது உண்மைதான். என்றாலும் அதை முதன்மையாகப் பரப்புவது எலி. நாய்க்கு இதற்கும் தடுப்பூசி உண்டு. கால்நடை வைத்தியரிடம் கேளுங்கள்.

கொடுப்பது என்று தீர்மானித்தால், ஆள் பார்த்துக் கொடுங்கள். சந்தையில் விட்ட நாய் தடுப்பூசியின்றிக் குட்டி போட்டு, ஒரு வருடத்தில் அந்தத் தெருவுக்கே ஆபத்தாகும். முதலில் கருத்தடை செய்வியுங்கள், விசர் ஊசியைப் போடுவியுங்கள். தடுப்பூசி அட்டையையும், பிராணி வழமையாகச் சாப்பிடும் தட்டையும் சேர்த்துக் கொடுங்கள். ஏன் கொடுக்கிறீர்கள் என்பதை மறைக்க வேண்டாம்: அந்த வீட்டிலும் தொய்வுக்காரர் இருக்கலாம், கைக்குழந்தை இருக்கலாம்.