நேரலையும் பொறுப்பும்

நுழையும்முன்

வன்முறை நிகழ்ந்தால் அதனை மக்களுக்கு அறிவிப்பது ஊடகத்தின் கடமை. ஆனால், நடந்து முடிந்ததைச் சொல்வது வேறு. நடந்துகொண்டிருப்பதைக் காட்டுவது வேறு. இரண்டாவதில், செய்தியே சில வேளைகளில் நிகழ்வின் ஒரு பகுதியாகிவிடுகிறது. 2008ஆம் ஆண்டு மும்பையில் நேர்ந்தது அதுவே.

அறுபது மணிநேரம்

2008 நவம்பர் 26 இரவு, கடல்வழியே வந்த பத்துப் பேர் மும்பையில் தாக்குதலைத் தொடங்கினர். சத்ரபதி சிவாஜி தொடர்வண்டி முனையம், தாஜ் மகால் விடுதி, ஓபராய் டிரைடென்ட் விடுதி, யூதர்கள் தங்கியிருந்த நரிமன் இல்லம் முதலியன இலக்காயின. 29ஆம் நாள் காலையில் தாஜ் விடுதி மீட்கப்பட்டபோது, ஏறத்தாழ அறுபது மணிநேரம் கடந்திருந்தது. 166 பேர் உயிரிழந்தனர்.

அவ்வளவு நேரமும் தொலைக்காட்சிகள் இடைவிடாது நேரலை வழங்கின. 28ஆம் நாள் காலையில் தேசியப் பாதுகாப்புப் படையினர், ஹெலிகாப்டரிலிருந்து கயிற்றைப் பற்றி நரிமன் இல்லத்தின் மொட்டைமாடியில் இறங்கினர். நாடே அதனை நேரலையில் கண்டது. மீட்க வருவோரின் வழியும் நேரமும் இவ்வாறு வெளிப்பட்டுவிட்டால், பிணைக்கைதிகளைக் காப்பது எங்ஙனம்?

இக்கேள்வி வெறும் ஐயம் அன்று. தாக்குதலை இயக்கியவர்கள் எல்லைக்கு அப்பால் தொலைக்காட்சிப் பெட்டியின்முன் அமர்ந்திருந்தனர். திரையில் கண்டதைத் தொலைபேசிவழி, விடுதிகளுக்குள் இருந்த கொலையாளிகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தனர். இடைமறித்துப் பதிவுசெய்யப்பட்ட உரையாடல்கள் பின்னர் நீதிமன்றத்தில் சான்றாவணமாயின.

2012 ஆகஸ்டு 29 அன்று இவ்வழக்கில் தீர்ப்பளித்த உச்சநீதிமன்றம், நேரலையால் வீரர் எவரேனும் உயிரிழந்தாரா என உறுதிசெய்ய இயலாது எனினும், படையினரின் பணியை அது மிகவும் கடினமாக்கி ஆபத்துக்குள்ளாக்கியது என்பதில் ஐயமில்லை என்றது. பேச்சுரிமையைக் காட்டி இச்செயலை ஞாயப்படுத்த முடியாது என்றும் கூறியது. 2015இல் கம்பிவடத் தொலைக்காட்சி விதிகள் திருத்தப்பட்டன. பயங்கரவாத எதிர்ப்பு நடவடிக்கைகளை நேரலையாகக் காட்டுவது தடை செய்யப்பட்டது. நடவடிக்கை முடியும்வரை, உரிய அலுவலர் அவ்வப்போது தரும் விளக்கத்தை மட்டுமே ஒளிபரப்பலாம்.

காட்டப்படாத நடைமேடை

ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டது தொடர்வண்டி முனையத்தில்தான். ஊருக்குச் செல்ல வண்டிக்காகக் காத்திருந்த எளிய மக்கள் அவர்களுள் பலர். ஆயினும், நாட்டின் நினைவில் பதிந்த படம் தீப்பற்றி எரிந்த தாஜ் விடுதியின் மாடமே. முனையத்தில் துப்பாக்கிச்சூடு விரைவில் முடிந்துவிட்டது. விடுதியோ நாள்கணக்கில் எரிந்தது. காட்சி நீடிக்கும் இடத்தில் படக்கருவி நிற்கிறது. துயரத்தின் அளவை அது பார்ப்பதில்லை.

அதே முனையத்தில்தான் செபாஸ்டியன் டி'சோசா என்னும் செய்தி ஒளிப்படக் கலைஞர், துப்பாக்கி ஏந்தியவர்களைப் பின்தொடர்ந்து படமெடுத்தார். அப்படங்கள் கொலையாளியை அடையாளம் காட்டின. அவரும் நீதிமன்றத்தில் சாட்சி கூறினார். ஆகவே, படக்கருவியைக் குறைகூறிப் பயனில்லை. அது எடுத்தது எப்போது, யாருக்குப் பயன்பட்டது என்பதே வினா.

கைப்பேசிக்கு வந்த நேரலை

பத்தாண்டுகளுக்குச் சற்று மேற்பட்ட காலத்தில் நிலைமை மாறியது. 2019 மார்ச் 15 அன்று நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில், இரு பள்ளிவாசல்களில் 51 பேரைக் கொன்றவன், தன் செயலைத் தானே முகநூலில் நேரலை செய்தான். இங்கே தொலைக்காட்சி நிலையம் தேவைப்படவில்லை. நேரலையின்போது பார்த்தவர்கள் இருநூறு பேருக்கும் குறைவு என்று அந்நிறுவனம் கூறியது. ஆனால், முதல் 24 மணிநேரத்தில் அது நீக்கிய படிகளோ 15 இலட்சம்! அவற்றைப் பரப்பியவர்கள் கொலையாளியின் கூட்டாளிகள் மட்டுமல்லர். ஆர்வத்தாலும் அதிர்ச்சியாலும் பகிர்ந்த பலரும் இருந்தனர். செய்தி நிறுவனங்கள் சிலவும் அதன் பகுதிகளை வெளியிட்டன.

அந்நாட்டுப் பிரதமர் ஜெசிந்தா ஆர்டன், கொலையாளியின் பெயரைத் தாம் உச்சரிக்கப்போவதில்லை என நாடாளுமன்றத்தில் அறிவித்தார். போட்டியாளர்களான ஐந்து பெரிய செய்தி நிறுவனங்கள், விசாரணையின்போது அவனுடைய வெறுப்புக் கொள்கைக்கு மேடை தருவதில்லை எனத் தமக்குள் உடன்பாடு செய்துகொண்டன. 2020 ஆகஸ்டில் தண்டனை விசாரணை நடந்தபோது, நீதிமன்றத்திலிருந்து நேரடியாகச் செய்தியளிக்க அனுமதி இல்லை. உயிர்பிழைத்தோரும் மாண்டோரின் உறவினரும் நாள்தோறும் எழுந்து பேசினர். குறித்த வேளை வரும்வரை காத்திருந்து, செய்தியாளர்கள் அச்சொற்களை வெளியுலகுக்கு அனுப்பினர்.