படை இசைஞர்

திருவண்ணாமலையில், செங்கம் சாலையை ஒட்டி மலையடிவாரத்தே அமைந்துள்ளது இரமணாசிரமம். மயில்கள் உலவும் அவ்விடத்தில் ஓசையினும் அமைதியே மிகுதி. ஆங்கிலப் படையில் மேஜராக இருந்த சாட்விக் என்பார், 1935-ஆம் ஆண்டில் அவ்வமைதியை நாடி வந்து, 1962-இல் மறையும் வரை அங்கேயே வாழ்ந்தார். படைவாழ்வின் ஆரவாரத்தில் பழகிய செவிக்கு மௌனம் இனித்ததில் வியப்பில்லை.

ஆயின், படையினின்று ஓய்வு பெற்றோருள் மௌனம் அத்துணை இனிக்காத ஒரு சாராரும் உளர். அவரே படை இசைஞர். மக்கள் அவரைப் 'பாண்டு வாத்தியக்காரர்' என்பர்.

படைக்கு இசை புதிதன்று. பண்டைத் தமிழ் வேந்தர் வீரமுரசை நீராட்டி, மாலை சூட்டி, தனிக் கட்டிலில் ஏற்றிப் போற்றினர். பிறர் அதன்மேல் ஏறுதல் கொலைக்குரிய குற்றம். அறியாது ஏறித் துயின்ற மோசிகீரனாரை வாளால் துணியாது, சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறை கவரி வீசி நின்றான் என்னும் செய்தியைப் புறநானூற்றால் அறிகின்றோம். பல கருவிகள் கூடி ஒலிப்பதை அக்காலத்தார் 'பல்லியம்' என்றனர். பாண்டு என்பதற்கு இதனினும் பொருந்திய சொல் வேறு தேட வேண்டுவதில்லை.

மேனாட்டுப் படையிசை கும்பினியாரோடு சென்னைக்கு வந்தது. மணலியில் தங்கியிருந்த இளைஞர் முத்துசாமி தீட்சிதர், செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் அதனைக் கேட்டார். அயலார் இசையென்று தள்ளாது, அம்மெட்டுக்களுக்கு வடமொழியில் பாட்டுக்கள் புனைந்தார். அவை நோட்டுசுரங்கள் எனப்படும். ஆங்கில அரசரை வாழ்த்தும் பாட்டின் மெட்டு அவரிடம் தேவியைப் போற்றும் பாட்டாயிற்று! அண்ணாமலையின் அக்கினி இலிங்கத்தைச் சாரங்க இராகத்தில் பாடியவரும் அவரே.

தீட்சிதர் கைவீணை ஒன்றே கொண்டு ஓர் இராகத்தை முழுதும் வளர்த்தல் கூடும். படை இசைஞனுக்கோ அது இயலாது. கிளாரினெட்டு மெட்டை எடுத்துச் செல்லும். பருத்த டியூபா கீழ்ச்சுரத்தைத் தாங்கும். பெருமுரசு நடைக்கு அடி வகுக்கும். பிரெஞ்சு ஹார்ன் ஊதுவோனுக்குப் பல நடைப்பாட்டுக்களில் கிடைப்பவை, முரசின் இரண்டு அடிகளுக்கு இடையே விழும் குறுஞ்சுரங்களே. அவற்றையே பாட்டு முடியும் வரை ஊதிக்கொண்டிருப்பான். தன் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து அதனை அவன் ஊதினால், 'இது என்ன பாட்டு?' என்று தெருவார் நகைப்பர். மற்றையோர் கூடினாலன்றி அவன் கற்றது பாட்டாவதில்லை.

அவர்தம் உறவுக்கு இசை மட்டுமே காரணமன்று. போர் மூண்டால் கருவிகளை வைத்துவிட்டு, புண்பட்டோரைத் தூக்குகட்டிலில் சுமந்து செல்வதும் படை இசைஞர் பணியாகும். குழலுக்கு ஒத்துப் பழகிய இருவர், கட்டிலின் இரு முனைகளையும் ஏந்தி ஒத்த அடி வைப்பர்.

பழைய வட ஆர்க்காட்டு மாவட்டத்தினின்று படைக்குச் சென்றோர் பலர். திருவண்ணாமலையும் அம்மாவட்டத்தைச் சேர்ந்ததே. தமிழர் பெருவாரியாகச் சேரும் மதராஸ் ரெஜிமெண்டு, 1758-ஆம் ஆண்டில் தோற்றம் கொண்டது. அதன் தலைமை நிலையம் நீலகிரியில், குன்னூரை அடுத்த வெலிங்டனில் உள்ளது. அங்கே நிகழும் மறுகூடல் விழாக்களுக்கு, ஓய்வு பெற்றோர் பதக்கம் அணிந்து மனைவியரோடு வருவர். போரில் கணவரை இழந்த மகளிரும் வந்து சிறப்புப் பெறுவர்.

இளம் இசைஞர் அணிவகுத்து வாசிப்பர். முதிய இசைஞனோ முழுப் பாட்டையும் கேளான். தன் பகுதியையே தேடிக் கேட்பான். அதனை ஊதும் இளைஞன் அவனுக்கு முன்பின் அறியாதவன். ஆயினும், மூச்சு வாங்கும் இடத்தில் இருவரும் ஒருங்கே மூச்சு வாங்குவர்.

மனைவியர் இப்பாட்டுக்களை நன்கு அறிந்தவர் என்று கருதுதல் பிழை. கணவன் எல்லைப்புறத்தில் இருக்க, ஊரில் மாமியாரோடு மக்களை வளர்த்தவர் பலர். விடுமுறையில் வந்தவன் வாயால் முணுமுணுத்த துண்டுச் சுரங்களே அவர் கேட்டவை. அத்தகையாள் ஒருத்தி, அச்சுரங்கள் முரசடிகளுக்கு நடுவே தத்தம் இடத்தில் வந்து விழுவதை வெலிங்டன் மைதானத்தில்தான் முதன்முறையாகக் கேட்பாள்; கேட்டுத் திரும்பி நோக்குவாள். அருகில் இருக்கும் முதியவரின் விரல்கள், முழங்காலின்மேல் அசைந்துகொண்டிருக்கும்.