மிகைபடக் கூறல்

நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்தெனப் பவணந்தி முனிவர் நன்னூலில் வகுத்தார். அவற்றுள் மிகைபடக் கூறலும் கூறியது கூறலும் இக்கால உரைநடையில் மலிந்து கிடக்கின்றன. எழுதுங்கால் இவை நமக்குப் புலனாவதில்லை. எழுதியதை ஓரிரு நாள் மூடி வைத்து, பிறன் எழுத்தெனக் கருதிப் படிப்பின் புலனாகும்.

நம் மாணவர் கட்டுரைகளிற் காணத்தக்க வாக்கியமொன்றை நாமே அமைத்துக் காட்டுவோம்: “சீனன்குடா என்னும் இடத்தில் அமைந்துள்ள விமானத்தளமானது 1942ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 9ஆம் திகதியன்று யப்பானிய விமானங்களினால் குண்டுத் தாக்குதல் மேற்கொள்ளப்பட்டது.” சீனன்குடா இடமென்பதைத் திருகோணமலையார்க்கு எவரும் சொல்ல வேண்டுவதில்லை. ஏப்ரல் மாதமென்பதும் அவ்வாறே. ‘ஆனது’ என்பது தளத்துக்கு யாதொரு சிறப்பையும் தரவில்லை. இவற்றினும் பெருங்கேடு வேறுண்டு. தளம், தாக்குதல் என இரண்டு எழுவாய்கள் ஒரு பயனிலைக்காக மல்லுக்கு நிற்கின்றன. இவ்வழுவை வெற்றுச் சொற்களே மறைத்து நின்றன. “1942 ஏப்ரல் 9இல் யப்பானிய விமானங்கள் சீனன்குடா விமானத்தளத்திற் குண்டு வீசின” எனத் திருத்துவோம். 16 சொற்கள் 9 ஆயின. செய்தவர் எழுவாயாக வெளிப்பட்டனர். பொருளில் ஒன்றும் குறையவில்லை.

செய்யுளில் அசைநிலைகள் உண்டே எனச் சிலர் வினவக்கூடும். உண்மை, ஆயின் யாப்பை நிரப்பும் கடன் உரைநடைக்கு இல்லை. அன்றியும், ‘மன்’ என்னும் இடைச்சொல் கழிவு, ஆக்கம், ஒழியிசை என்னும் மூன்று பொருளில் வருமென்று தொல்காப்பியர் கூறினார். பவணந்தியாரோ அதனை அசைநிலையாகவுங் கொண்டார். ஆகவே, ஒரு சொல் ஓரிடத்தில் வெறும் அசையாகவும் மற்றோரிடத்தில் பொருளுடையதாகவும் நிற்கும். சொல்லின் முகத்தைப் பார்த்து வெட்டலாகாது. அதை நீக்கிப் படித்து, பொருள் மாறுகின்றதா எனப் பார்த்த பின்னரே வெட்டல் வேண்டும். “அவன் செய்தான்” என்பதும் “அவனே செய்தான்” என்பதும் ஒன்றல்லவே!

விண்ணப்பம் எழுதுவோர்க்கு இது வெறும் அழகுப் பிரச்சினையன்று. “இத்தால் பணிவுடன் அறியத்தருவது யாதெனில்” எனத் தொடங்கி, ஊரின் பெருமையை ஒரு பக்கம் விரித்து, குடிநீர்க் கிணறு வேண்டுமென்பதை மூன்றாம் பக்கத்தில் வைத்தால், மேசை நிறையக் கடிதங்களை உடைய உத்தியோகத்தர் அவ்விடம் வரை வருவாரோ? கிணற்றை முதல் வரியில் வைப்பதே நன்று. ‘பணிவுடன்’ ஒருமுறை நிற்கட்டும்; மரியாதை வெற்றுச் சொல்லன்று.

வெட்டத் தொடங்கியவர்க்கு வரும் ஆபத்தும் ஒன்றுண்டு. சீனன்குடாவில் பிரித்தானியர் எண்ணெய்த் தாங்கிகள் ஏறக்குறைய நூறு அமைத்தனர் என எழுதுகின்றோம். ‘ஏறக்குறைய’ மிகையெனக் கருதி ஒருவர் அதனைக் களைந்தால் வாக்கியம் பொய்யாகிவிடும். அழிந்தனவற்றைச் சேர்த்து எண்ணுவோர் ஒரு தொகையும், விடுத்து எண்ணுவோர் மற்றொரு தொகையும் கூறுவர். அச்சொல் அங்கே நிற்கத்தான் வேண்டும்.