சம்பந்தி வீட்டு ஆமை

பிராணிகளிடம் பிரியம் வைத்திருப்பதாகச் சொல்லிக்கொள்கிறவர்களின் வீட்டிலேதான் பிராணிகள் அதிகமாக வதைபடுகின்றன என்று நான் எழுதினால், என் பந்துக்களில் ஒரு சாரார் அது தங்களைக் குறித்ததென்று உடனே கண்டுகொள்வார்கள், கண்டுகொள்ளட்டும். தேவதானத்திலிருந்து ராஜபாளையம் போகும்போதெல்லாம் நான் எட்டிப்பார்த்து வந்த என் அண்ணனுடைய சம்பந்தி வீட்டின் பின்கட்டில், துணி துவைக்கிற கல்லை ஒட்டி, பாதி ஓடு முழுகத் தண்ணீர் விட்ட ஒரு பிளாஸ்டிக் பேசினில் நட்சத்திர ஆமை ஒன்று கிடந்தது. கறுத்த ஓட்டில் மஞ்சள் கதிர்கள் விரிகிற அழகுக்காகவே பிடிபடுகிற அந்த ஜந்து, வறண்ட புதர்க்காடுகளில் புல்லும் தழையும் மேய்ந்து திரிவது, நீந்தத் தெரியாதது. ஆமை என்றால் தண்ணீரில்தான் இருக்கவேண்டும் என்பது சம்பந்தியின் சித்தாந்தம். ஆகாரம், தயிர்சாதமும் பிஸ்கட்டும். பெயர்பெற்ற நாயினத்தை உடைய ராஜபாளையத்திலே பிறந்தவராதலால், சகல ஜீவராசிகளையும் வளர்க்கிற வித்தை தமக்குச் சுபாவமாகவே கைவந்திருப்பதாக அவருக்கு எண்ணம்.

குனிந்து பார்த்தேன். மூச்சுவிடுந்தோறும் மூக்கில் ஒரு சிறு குமிழி புடைத்து உடைந்தது. ஓட்டின் ஓரத்தை விரலால் தொட்டால் ஊறின அப்பளம்போல உள்வாங்கிற்று. வெயில் படாத உடம்பில் சுண்ணாம்புச் சத்து சேராது, ஆமையோடும் எலும்புதானே! ஈரத்தில் பிடித்த சளி நுரையீரலுக்கு இறங்கினால் அப்புறம் பிழைப்பது துர்லபம்.

மீட்பதா வேண்டாமா என்று யோசிப்பவர்கள், விலை கொடுத்து வாங்கித் தம் வீட்டில் வைத்துக்கொள்வதை மீட்பென்று எண்ணவேண்டாம். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022-ஆம் ஆண்டுத் திருத்தப்படி நட்சத்திர ஆமை முதலாம் அட்டவணையைச் சேர்ந்தது. குற்றம் ருசுவானால் சிறைவாசம் 3 வருஷத்துக்குக் குறையாது, 7 வருஷம் வரையில் போகலாம். “அவ்வளவு கரிசனம் இருந்தால் நீங்களே கொண்டுபோய் வளருங்களேன்” என்று சம்பந்தியம்மாள் சொன்னபோது நான் மறுத்தது கல்நெஞ்சத்தினால் அன்று. வனவிலங்கு ஒன்று நம் வசம் வந்தால் 48 மணி நேரத்துக்குள் தகவல் தெரிவிக்கவேண்டும் என்று அதே சட்டம் சொல்லுகிறது.

இந்த விவகாரத்தில் அந்த வாயில்லா ஜீவனுக்குப் பெருநஷ்டம் விளைவித்தது காலதாமதம். அதற்குக் காரணம் என் சித்தப்பா. அன்றைக்கே தகவல் கொடுக்கப் புறப்பட்ட என்னை, “பொறுடா, பெண் கொடுத்த இடம், அந்த வீட்டுக் கல்யாணம் ஒன்று முடியட்டும், பக்குவமாகச் சொல்லிப் பார்ப்போம்” என்று கையைப் பிடித்து நிறுத்தினார். பந்தல் போட்டார்கள், பிரித்தார்கள். பக்குவம் மட்டும் வரவில்லை. முதலில் கீரைத் தண்டை நீட்டினால் கழுத்தை நீட்டிக் கவ்வின ஆமை, கல்யாணம் முடிந்தபோது தலையை வெளியே எடுப்பதையே விட்டிருந்தது. உறவின் முகத்துக்காக ஒரு நாள் பொறுப்பதும் அநியாயம் என்பது இப்போது என் திடமான அபிப்பிராயம்.

அப்போதும் சித்தப்பாவுக்கு ஒரு யோசனை இருந்தது: “சாஸ்தா கோயில் அணைப்பக்கம் விட்டுவிட்டால் புண்ணியமாவது உண்டு.” நோயுற்றதைக் காட்டில் விட்டால் அது சாவதோடு, காட்டிலுள்ளவற்றுக்கும் நோய் பரவும். 2018-இல் சிங்கப்பூரிலிருந்து 51 நட்சத்திர ஆமைகள் விமானமேறிக் கர்நாடகத்துக்குத் திரும்பினபோதுகூட, அவற்றை நேரே காட்டில் கொட்டிவிடவில்லை. தனியே வைத்துக் கண்காணித்தார்கள்.

பிறகு நடந்ததைச் சொல்ல அதிகமில்லை. வனத்துறைக்குத் தொலைபேசியில் சொன்னேன், ஊழியர்கள் வந்தார்கள், படம் எடுத்து, எழுதி வாங்கிக்கொண்டு, ஈரம் துடைத்து அட்டைப்பெட்டியில் எடுத்துப் போனார்கள். நீங்களும் தண்ணீரிலிருந்து எடுத்து உலர்ந்த இடத்தில் வைப்பதோடு நில்லுங்கள்; பாலூட்டுவது, மருந்து புகட்டுவது முதலிய உபசாரங்கள் வேண்டாம். கடைசியாக விசாரித்தபோது புல் தின்பதாகச் சொன்னார்கள். அமுங்கின ஓரம் அமுங்கினபடியே இருக்கிறதாம்.

பெயரை மறைத்துத் தகவல் கொடுத்திருக்கலாமே என்று கேட்கிறார்கள். நம் பக்கத்து ஊர்களில் சொன்னவன் இன்னானென்பது பொழுது சாய்வதற்குள் தெரிந்துவிடும். ஆகையால் சம்பந்தியிடம் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுத்தான் செய்தேன். அந்த வீட்டு வளைகாப்புக்கு எனக்கு அழைப்பு வரவில்லை. சித்தப்பா போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தார்.