ஏ.பி.எஸ். விளக்கு என்ன சொல்கிறது?

ஆடிக் கிருத்திகைக்கு முந்தைய நாள் மாலை. எங்கள் பொதட்டூர்பேட்டையில் தூறல் விட்டும் விடாமலும் பெய்துகொண்டிருந்தது. திருத்தணிச் சாலையில் காவடி எடுத்தவர்கள் கூட்டங்கூட்டமாக நடந்து கொண்டிருந்தார்கள். என்னிடம் சில ஆண்டுகளுக்கு முன் இயற்பியல் படித்து, இப்போது வீட்டில் விசைத்தறி நடத்தும் இளைஞர் ஒருவர் மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்து என் வாசலில் நிறுத்தினார்.

“சார், வண்டியில் பிரேக் போய்விட்டது. நாளைக்கு அம்மாவை மலைக்கு அழைத்துப் போக வேண்டும்.”

“பிரேக் போனது உனக்கு எப்படித் தெரியும்?”

அவர் வேகமானியின் பக்கத்தில் இருந்த மஞ்சள் நிற விளக்கைக் காட்டினார். வட்டத்துக்குள் ஏ.பி.எஸ். என்ற மூன்று எழுத்துகள். நண்பர் ஒருவர் யோசனையும் சொல்லியிருக்கிறார்: விளக்கின் மேல் கறுப்பு டேப்பை ஒட்டிவிட்டால் போதுமாம்!

“வண்டியைத் தள்ளியபடியே முன் பிரேக்கைப் பிடி” என்றேன். பிடித்தார். சக்கரம் சட்டென்று நின்றது. ஆகவே பிரேக் போகவில்லை. கைப்பிடியை அழுத்தினால் குழாயிலுள்ள திரவம் பாஸ்கல் விதிப்படி அழுத்தத்தைக் கடத்துகிறது. பிரேக் கட்டைகள் தட்டைக் கவ்வுகின்றன. இந்த வேலைக்கு ஏ.பி.எஸ். தேவையே இல்லை. அப்படியானால் போனது எது?

சக்கரம் பூட்டிக்கொண்டால்…

ஓடும் வண்டியில் பிரேக்கை வெகு பலமாக அழுத்தினால், வண்டி நிற்பதற்கு முன்பே சக்கரம் சுழல்வதை நிறுத்திவிடும். “வீல் லாக் ஆகிவிட்டது” என்கிறோமே, அதுதான் இது. சக்கரம் உருளும்போது தரையைத் தொடும் டயரின் பகுதி அந்தக் கணத்தில் தரையைப் பொறுத்து ஏறத்தாழ ஓய்வில் இருக்கிறது. பூட்டிக்கொண்டாலோ அது தரையில் தேய்ந்து வழுக்குகிறது. வழுக்கும்போது உராய்வு குறையும் என்பதை நீங்கள் பாடத்தில் படித்திருப்பீர்கள்.

ஈரச் சாலையில் உராய்வுக் குணகம் உருளும்போது 0.6 என்றும், பூட்டிக்கொண்டு வழுக்கும்போது 0.4 என்றும் கொள்வோம். வேகம் மணிக்கு 36 கி.மீ., அதாவது நொடிக்கு 10 மீட்டர். நிற்கும் தூரம் v²/2μg. g-யை 10 என வைத்துக் கணக்கிட்டால் முதல் நிலையில் 8.3 மீட்டர், இரண்டாவதில் 12.5 மீட்டர். இடையில் உள்ள நான்கு மீட்டரில் காவடி தூக்கிய ஒருவர் நடந்து கொண்டிருக்கக்கூடும்.

ஆனால் இரண்டு சக்கர வண்டிக்கு இந்தத் தூரத்தைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. அதை நீங்களே சோதித்துப் பாருங்கள். ஒரு பலகையின் ஒரு விளிம்பின் கீழ்ப் புத்தகம் ஒன்றை வைத்துச் சற்றே சாய்த்து நிறுத்துங்கள். மேலே ஒரு மரக்கட்டையை வையுங்கள். சரிவு குறைவாக இருப்பதால் அது வழுக்காமல் அப்படியே இருக்கும். இப்போது கட்டையில் நீளமான நூலைக் கட்டி, மேலேயும் அல்லாமல் கீழேயும் அல்லாமல் பக்கவாட்டில், உயர்த்திய விளிம்புக்கு இணையாக, மெதுவாக இழுங்கள். கட்டை நூலின் திசையில் மட்டுமா நகர்கிறது? கீழ்நோக்கியும் இறங்குகிறது பாருங்கள்! நீங்கள் கீழே இழுக்கவே இல்லையே?

காரணம் இதுதான். வழுக்கும் பொருளின் மீது உராய்வு, அது வழுக்கும் திசைக்கு நேர் எதிராகவே செயல்படும். பக்கவாட்டு இழுப்பை எதிர்ப்பதிலேயே உராய்வு முழுதும் செலவாகிவிட, சரிவைத் தாங்கிப் பிடிக்க மிச்சம் ஏதும் இல்லை. இறுகிய சீசா மூடியைத் திருகிக்கொண்டே இழுத்தால் எளிதில் வந்துவிடுவதும் இதனால்தான். முன் சக்கரம் பூட்டிக்கொண்ட மோட்டார் சைக்கிளின் கதியும் இதுவே. டயரின் உராய்வு முழுதும் பின்னோக்கிச் செலவாகிவிடுகிறது. பக்கவாட்டில் பிடித்துக்கொள்ள ஏதும் இல்லை. கைப்பிடியைத் திருப்பினாலும் வண்டி திரும்பாது. கண்ணிமைக்கும் நேரத்தில் கீழே சாய்ந்துவிடும்.

ஏ.பி.எஸ். செய்வது இதைத் தடுப்பதைத்தான். சக்கரம் பூட்டப்போகிறது என்று தெரிந்ததும் பிரேக் திரவத்தின் அழுத்தத்தைச் சற்றுத் தளர்த்தி, சக்கரம் மீண்டும் சுழலத் தொடங்கியதும் மறுபடி ஏற்றுகிறது. ஒரு நொடிக்குள் இது பலமுறை நடக்கும். கைப்பிடியில் ஒரு துடிப்பாக அதை உணரலாம்.

இந்த எண்ணம் முதலில் விமானத்துக்காகத் தோன்றியது. 1950-களில் டன்லப் நிறுவனத்தின் ‘மேக்ஸாரெட்’ என்ற கருவி, உள்ளே சுழலும் ஒரு சிறு பறப்புச் சக்கரத்தின் நிலைமத்தைக் கொண்டே சக்கரம் திடீரென்று மெதுவாவதைக் கண்டுபிடித்தது. மின்னணுச் சுற்று எதுவும் அதில் கிடையாது! 1958இல் பிரிட்டனின் சாலை ஆராய்ச்சிக் கூடம் அதை ஒரு மோட்டார் சைக்கிளில் பொருத்திச் சோதித்தது. எந்த வண்டி தெரியுமா? ராயல் என்ஃபீல்டு சூப்பர் மீட்டியர். அதற்கு மூன்று ஆண்டு முன்னர்தான், 1955இல், நம் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா தொடங்கப்பட்டிருந்தது. சோதனையோடு அந்த முயற்சி நின்றுபோயிற்று. மின்னணு ஏ.பி.எஸ். மோட்டார் சைக்கிளுக்கு வர 1988 ஆயிற்று, அது பி.எம்.டபிள்யூ. வண்டி. இந்தியத் தயாரிப்புகளில் ஓசூரின் டி.வி.எஸ். அப்பாச்சி 2011இல் வழிகாட்டியது. 125 சி.சி.க்கு மேற்பட்ட புதிய மாதிரி வண்டிகளில் 2018 ஏப்ரல் முதலும், பழைய மாதிரிகளில் 2019 ஏப்ரல் முதலும் இந்தியாவில் இது கட்டாயமாக்கப்பட்டது. நம் ஊர்த் தெருக்களில் அந்த மஞ்சள் விளக்கு பரவலானது இதற்குப் பிறகுதான்.

கண்ணும் மூளையும்

சக்கரம் எவ்வளவு வேகமாகச் சுழல்கிறது என்று தெரிந்தால்தான் அது பூட்டப்போகிறதா என்று சொல்ல முடியும். அதற்காகச் சக்கரத்தோடு சேர்ந்து சுழலும்படி ஓர் எஃகு வளையம் இருக்கிறது. அதைச் சுற்றிலும் சீரான துளைகள். அதன் எதிரே, ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில், அசையாத ஓர் உணரி. சென்சார் என்று கடையில் கேளுங்கள். அதனுள் சிறு காந்தம் உண்டு. துளையும் எஃகும் மாறிமாறிக் கடக்கும்போது காந்தப்புலம் கூடிக் குறைகிறது. எட்வின் ஹால் 1879இல் கண்டறிந்த விளைவைப் பயன்படுத்தி உணரி அதை மின்துடிப்புகளாக மாற்றிக் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு அனுப்புகிறது.

கணக்கிடுவோமா? சக்கரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 1.9 மீட்டர். நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் அது நொடிக்கு 5.3 சுற்று சுற்றும். வளையத்தில் 50 துளைகள் இருப்பதாகக் கொண்டால் நொடிக்குச் சுமார் 263 துடிப்புகள். இரு துடிப்புகளுக்கு இடையே 3.8 மில்லிநொடி.

ஒரு துளை மட்டும் உணரியின் பார்வையில் படாமல் போனால்? இடைவெளி 7.6 மில்லிநொடியாகும். அதாவது, 10 மீட்டர் வேகத்தில் ஓடிய சக்கரம் அந்த நொடிப்பொழுதில் 5 மீட்டர் வேகத்துக்கு இறங்கிவிட்டதாகப் பெட்டிக்குத் தோன்றும். அப்படி உண்மையிலேயே நடக்க வேண்டுமானால் வேகக்குறைப்பு புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் அறுபது மடங்குக்கு மேல் இருக்க வேண்டும். எந்தப் பிரேக்காலும் அது ஆகாது. அந்தப் பொய்யை நம்பிப் பெட்டி பிரேக்கைத் தளர்த்தினால், பிடிக்க வேண்டிய நேரத்தில் பிடி நழுவும். ஆகவே அது தன் வேலையை நிறுத்திக்கொண்டு, விளக்கை ஏற்றுகிறது. ‘சக்கரத்தின் வேகம் எனக்குச் சரியாகத் தெரியவில்லை, இனி வண்டி உன் கையில்’ என்று அதற்குப் பொருள்.

இதை நான் சொன்னதும் அந்த இளைஞர், “ஊடை அறுந்தால் தறி நிற்கிற மாதிரி, சார்” என்றார். எவ்வளவு பொருத்தம்! விசைத்தறியில் ஊடை நூல் அறுந்தால், முள்கரண்டி போன்ற சிறு உறுப்பு ஒன்று அதை உணர்ந்து தறியை நிறுத்திவிடும். தறி கெட்டுவிட்டது என்று யாரும் சொல்வதில்லை, நூலைத் தேடுவார்கள். நூல் சரியாகவே இருந்தால், அந்த முள் வளைந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

தேடுவது எப்படி?

ஸ்பானரை எடுக்கும் முன் கேள்விகளைக் கேட்க வேண்டும். “விளக்கு எப்போது எரிகிறது?” என்றேன். “சாவி போட்டதும் எரிகிறது. வண்டி நகர்ந்ததும் அணைகிறது. கொஞ்ச தூரம் போனால் மறுபடி எரிகிறது. அப்புறம் அணைவதே இல்லை.”

இந்தப் பதிலிலேயே பாதிச் செய்தி இருக்கிறது. சாவி போட்டதும் எரிவது கோளாறே அல்ல. சக்கரம் சுழலாதவரை உணரி வேலை செய்கிறதா என்று பெட்டி அறிய முடியாது. நடைவேகத்தைத் தாண்டிய பிறகே விளக்கை அணைக்கும். ஒருமுறை அணைந்தது என்பதால் உருகி போகவில்லை, ஒயர் முழுதாக அறுபடவில்லை. ஓடும்போது அவ்வப்போது ஏதோ தவறுகிறது.

“நேற்று, முன்தினம் வண்டியில் என்ன வேலை நடந்தது?” முன் சக்கரத்தில் பஞ்சர். சக்கரத்தைக் கழற்றி ஒட்டியிருக்கிறார்கள்.

ஆனாலும் எளியதை முதலில் பார்த்துவிட வேண்டும். மின்னழுத்தம் குறைந்தாலும் பெட்டி ஒதுங்கிக்கொள்ளும் என்பதால் பாட்டரியை மல்ட்டிமீட்டரால் அளந்தோம். இயந்திரம் நின்றிருக்கையில் 12.6 வோல்ட், ஓடுகையில் 14. குறையில்லை. உணரியின் முகத்தைத் துணியால் துடைத்தோம். காந்தம் இருப்பதால் இரும்புத் தூள் அதில் ஒட்டிக்கொள்வது வழக்கம். கொஞ்சம் சேறுதான் வந்தது. ஒயரைத் தொட்டுக்கொண்டே போய், இணைப்பு வரை பார்த்தோம். அவர் உணரியின் மின்தடையை அளக்க முனைந்தார். பழைய கம்பிச்சுருள் வகையில் அது உதவும். ஹால் வகையில் உள்ளே நுண்சுற்று இருப்பதால் அந்த எண் நம்மை ஏமாற்றவே செய்யும், தடுத்துவிட்டேன். அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டியையும் நாம் திறக்கக் கூடாது. அது உரிய கருவிகள் உள்ள பணிமனையின் வேலை.

பிறகு, சைக்கிள் கடைக்காரர் ரிம்மில் கோட்டம் பார்ப்பாரே, அந்த முறையையே கையாண்டோம். வண்டியை நடு ஸ்டாண்டில் போட்டு முன் சக்கரத்தைத் தரையிலிருந்து உயர்த்தி, முன் ஃபோர்க்கில் ஒரு தீக்குச்சியை டேப்பால் ஒட்டினோம். நண்பர் வாங்கச் சொன்ன அந்தக் கறுப்பு டேப் இதற்காவது பயன்பட்டது! குச்சியின் முனை வளையத்தை உரசாமல் உரசும்படி வைத்து, சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றினோம். முக்கால் சுற்று வரை குச்சிக்கும் வளையத்துக்கும் இடையே ஒரே அளவு. பிறகு ஓரிடத்தில் வளையம் விலகி ஓடியது. இடைவெளி ஏறத்தாழ இரு மடங்கு. மறுபடி நெருங்கியது. பஞ்சர் ஒட்டும்போது சக்கரத்தை வளையம் கீழே இருக்கும்படி கல் தரையில் படுக்க வைத்து, டயரை நெம்பியிருக்கிறார்கள். வளையம் அங்கே வளைந்துவிட்டது. ஒவ்வொரு சுற்றிலும் அந்த இடம் வரும்போது உணரிக்குக் கண் மறைந்திருக்கிறது.

அவர் குறடு எடுத்து நிமிர்த்தலாம் என்றார். கண்ணுக்கு நேராகத் தோன்றுவது காந்தத்துக்கு நேராக இராது என்றேன். புதிய வளையம் வந்துசேர நான்கு நாள் ஆயிற்று. ஆடிக் கிருத்திகைக்குத் தாயும் மகனும் பஸ்ஸில் போய் வந்தார்கள். இடையில் தறிக்கு நூல் வாங்க வண்டியை எடுத்தபோதெல்லாம், முன் பிரேக்கைச் சிறிது சிறிதாக அழுத்தி, முன்செல்லும் வண்டியிலிருந்து இருமடங்கு தள்ளிப் போனாராம்.

வளையம் மாட்டிய அன்று தீக்குச்சியை மறுபடி ஒட்டிச் சுற்றிப் பார்த்தோம். எங்கும் ஒரே இடைவெளி. சாவியைப் போட்டார். விளக்கு எரிந்தது. அவர் முகம் வாடிப்போயிற்று.

“நகர்த்து” என்றேன். தெருமுனை வருவதற்குள் அணைந்துவிட்டது.