ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குக் கிளம்பும் முன்: உங்கள் மடிக்கணினிக்கு எந்த நினைவகம்?

தமிழக அரசு 2011-ல் கொடுக்கத் தொடங்கிய விலையில்லா மடிக்கணினி வடசென்னையில் பல வீடுகளுக்கு முதல் கம்ப்யூட்டர். அக்கா படித்து முடித்ததில் இப்போது தம்பி படிக்கிறான். "மெமரி ஃபுல், ஒரே ஸ்லோ" என்று அதைத் தூக்கிக்கொண்டு ரிச்சி ஸ்ட்ரீட் கம்ப்யூட்டர் கடைகளுக்கு ஓடும் முன், எந்த நினைவகம் போதவில்லை என்று வீட்டிலேயே பார்த்துவிடுங்கள். வீண் செலவு மிச்சம்.

படமும் பாடமும் தங்குவது ஹார்டு டிஸ்க்கில். வேலை நடக்கும்போது எடுத்து வைத்துக்கொள்ளும் இடம் ரேம். துறைமுகத்து ஆட்களுக்கு உடனே புரியும்: முன்னது கிடங்கு, பின்னது கப்பல் அணையும் மேடை. மேடை சிறிதென்றால் கிடங்கு எத்தனை பெரிதாக இருந்தும் சரக்கு தேங்கும். ரேமில் ஒவ்வொரு பிட்டும் நுண்ணிய மின்தேக்கியில் நிற்கும் மின்னூட்டம். அது கசிந்துகொண்டே இருப்பதால் பொதுவாக 64 மில்லிசெகண்டுக்குள் புதுப்பித்தாக வேண்டும். கரண்ட் நின்றால் எல்லாம் அழிவது அதனால்தான். ப்ராசஸருக்குள் இருக்கும் கேஷ் நினைவகம் ரேமைவிட வேகமானது. ஆனால் அதை நாம் மாற்ற முடியாது.

முதலில், வழக்கமாகப் பயன்படுத்தும் புரோகிராம்களையெல்லாம் திறந்து வையுங்கள். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். மெமரி 90 சதவீதத்தைத் தாண்டி நின்றால் ரேம் போதவில்லை. மெமரியில் இடமிருந்தும் டிஸ்க் 100 சதவீதத்திலேயே கிடந்தால் ரேம் வாங்கிப் பயனில்லை. ஹார்டு டிஸ்க்கை மாற்றி எஸ்எஸ்டி போடுங்கள். அது ஃபிளாஷ் நினைவகம். சுழலும் தட்டு இல்லாததால் தேட நேரமாகாது. கையில் காசு குறைவென்றால் பழைய மடிக்கணினிக்கு இதையே முதலில் செய்யச் சொல்வேன்.

ரேம்தான் குறை என்றால், விண்டோஸ் 32 பிட்டா 64 பிட்டா என்று சிஸ்டம் விவரத்தில் பாருங்கள். வீட்டுக் கம்ப்யூட்டரில் ஓடும் 32 பிட் விண்டோஸ் 4 ஜிபிக்கு மேல் பயன்படுத்தாது. பிறகு, சார்ஜரையும் பேட்டரியையும் கழற்றிவிட்டு அடிமூடியைத் திறந்து, பழைய ரேம் ஸ்டிக்கின் லேபிளைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பிசி3 என்றால் டிடிஆர்3, பிசி4 என்றால் டிடிஆர்4. ஒன்றின் இடத்தில் மற்றது பொருந்தாது; ஸ்டிக்கின் விளிம்பில் உள்ள பள்ளமே வேறு இடத்தில் இருக்கும். பிசி3எல் என்று எல் சேர்ந்திருந்தால் 1.35 வோல்ட் ரகம்; அதையே கேட்டு வாங்குங்கள்.

புதியதை மாட்டும்போதும் சார்ஜரையும் பேட்டரியையும் கழற்றி, பவர் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடியுங்கள். அடிமூடியைத் திறந்து, ஸ்டிக்கைப் பிடித்திருக்கும் இருபக்கக் கொக்கிகளை விலக்கினால் பழைய ஸ்டிக் சாய்வாக எழும்பும். அதன் பொன்னிறப் பற்களை உற்றுப் பாருங்கள். காசிமேடு, திருவொற்றியூர் கடலோர வீடுகளில் உப்புக்காற்று படிந்து அவை மங்கியிருக்கலாம். எண்ணூர்ப் பக்கம் கரித்தூளும் சேரும். திரை கறுப்பாகவே நின்று பீப் சத்தம் மட்டும் வருவதற்கு இந்த அழுக்கே காரணமாக இருக்கலாம். வெள்ளை ரப்பரால் மெல்லத் தேய்த்து, துகளை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரம் படும். சில சமயம் இதிலேயே உயிர் வந்துவிடும். புதிது வாங்கவே வேண்டாம்.

புது ஸ்டிக்கைச் சாய்வாகச் செருகி, கொக்கி 'டிக்' என்று பிடிக்கும்வரை கீழே அழுத்துங்கள். பிறகு விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக்கை ஒருமுறை ஓட்டுங்கள். பிழை காட்டினால், பில்லோடு அன்றே கடைக்குப் போய் மாற்றிக் கேளுங்கள்.