காயோத்சர்க்கமும் உடல்நலமும்

உடல் அறம் செய்தற்குரிய கருவி. முனிவர்கள் நீராடலைத் துறந்தவர்கள். இல்லறத்தார்க்கு அது விலக்கன்று. எனவே சேலம், நாமக்கல் சமவெளி வெயிலில் உழைத்துக் களைத்த உடலுக்கு நல்லெண்ணெய் தேய்த்து, வடிகட்டிய நீரில் குளிக்கிறோம். பின்னர்க் கைகளை மேலே உயர்த்தி, முதுகை நன்கு நீட்டி நிமிர்த்தினால் நெடுநேரம் அசையாது நிற்றல் எளிதாகும்.

அந்நிலையே காயோத்சர்க்கம். பாதங்களிடையே நான்கு விரல் இடைவெளி விட்டு, கைகளைத் தொங்கவிட்டு நிற்க வேண்டும். பஞ்ச நமஸ்காரம் ஒன்றுக்கு 3 மூச்சு. அருகரை நினைந்து மூச்சை உள்ளிழுத்து, சித்தரை நினைந்து வெளிவிடுக. இரண்டாம் மூச்சு ஆசாரியர்க்கும் உபாத்தியாயர்க்கும், மூன்றாவது சாதுக்களுக்கு. ஒன்பது முறைக்கு 27 மூச்சு.

நம் பிள்ளைகளோ ஒன்பதையும் விரைந்து ஓதி முடித்துவிடுகின்றனர். எண்ணிக்கை நிறைகிறது, காயோத்சர்க்கம் நிகழ்வதில்லை. நிற்க இயலாத முதியோர் அமர்ந்தே செய்யலாம். உடல்நலம் இடையில் கிட்டும் பயன். உடற்பற்று தளர்வதே முடிந்த பயன்.